இடது ஓரம்

வால்டிவியாவில் ஜூன் மழை
தொடங்கினால் கேட்பாரில்லை.
மின்கட்டண ரசீதைத் தேடப்போன
ஒடெத் கத்ரிலேயோவின் கையில்
பழைய வரைபடம் ஒன்று சிக்கியபோது
மணி பதினொன்று நாற்பது.
காலை எட்டுக்குக் கான்கிரீட்.

தீயணைப்புத் தொண்டர்களின் கொட்டகைக்கு
ஒன்பது மீட்டர் உத்தரம்.
இரண்டு சிவப்பு வண்டிகள் நிற்க வேண்டும்,
நடுவில் தூண் கூடாது என்பதுதான்
அவர்கள் கேட்ட ஒரே வரம்.
மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி.

பழைய வரைபடத்தில் தொட்டி நட்டநடுவில் இருக்கிறது.
மார்ச்சில் கட்டடக் கலைஞர் அதை
இடது சுவர்ப் பக்கம் நகர்த்தினார்,
ஜன்னலுக்கு வெளிச்சம் வேண்டுமாம்.
நடுவயிற்றில் வளைவு குறைந்தது.
குறைந்தது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?
அடிக்கம்பி ஐந்தில் ஒன்றை எடுத்தார்கள்.
காசு மிச்சம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.
அவளும்.

பென்சில் முனை இப்போது
இடது தாங்கியில் வந்து நிற்கிறது.
நடுவை விட்டு நகர்ந்த பாரம்
எங்கும் போய்விடவில்லை,
சொல்லாமல் வந்த விருந்தாளியாக
இந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.
வளைவைத் திரும்பப் போட்டவள்
வெட்டுவிசையைத் திரும்பப் போடவில்லை.

வளைவுக்கு வாய் உண்டு.
அடியில் மயிரிழை விரிசல் காட்டும்,
தொய்யும், கதவை இறுக்கும்,
கம்பி நீண்டு நீண்டு
வருஷக்கணக்கில் முனகும்.
கீழே நிற்பவன் தொப்பியை எடுத்துக்கொண்டு
வெளியே போக நேரம் கொடுக்கும்.
வெட்டு அப்படியல்ல.
தாங்கியருகே சாய்வாக ஒரு கோடு,
வெட்டு ஒன்று
துண்டு இரண்டு.

அந்தக் கோட்டைத் தைத்துப் பிடிக்க
ரிங் கம்பியை நம்ப வேண்டும்.
இருபது சென்டிமீட்டருக்கு ஒன்று
என்கிறது அவளே எழுதிய குறிப்பு.
மூன்று முறை போட்டாள்.
மூன்று முறையும் பத்து.
நான்காவது முறை, தன்மேல் இரக்கப்பட்டு,
கான்கிரீட்டின் சொந்த பலத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தாள்.
பதினொன்று.
அழித்தாள்.

ஐந்து மணியிலிருந்து அழைத்தாள்.
மேஸ்திரி ஒயார்ஸோ எடுத்தது ஏழு பத்துக்கு.
"இடது பக்கம், இரண்டு மீட்டரில் பத்து ரிங் குறைகிறது."
"வரைபடப்படிதான் கட்டினோம்."
"தெரியும்."
அந்தப் பக்கம் தகரத்தில் மழை.
"லாரி கிளம்பிவிட்டது, ஒடெத். யார் காசு?"
"நான்."

லாரி வந்து
வயிற்றைச் சுற்றிக்கொண்டே நின்றது.
பக்கப் பலகையைப் பெயர்த்து,
புதிதாக வளைத்த கம்பியை வாய் பிளந்து நுழைத்து,
இருக்கும் இரண்டுக்கு நடுவே ஒன்றாகக்
கட்டிக்கொண்டு போனான் எலிசெயோ,
கட்டுக்கம்பி குத்திய விரலைச் சப்பியபடி.
ஏழாவதில் டிரைவர் கையை விரித்தார்,
இனிமேல் ஊற்றினால் கல்.
ஆறு கன மீட்டரும்
ஒரு விறகுக் கடை முற்றத்துக்குப் போயிற்று.
அந்தத் தெருவில் சேறில்லாத ஒரே வாசல்
இன்றைக்கும் அதுதான்.

மறுநாள் ஊற்றினார்கள், பத்தும் கட்டி.
ரசீது நான்கு மாதத் தவணை.

அப்புறம் மூன்று வருஷம்.
ஒன்றும் நடக்கவில்லை.
ரிங் எத்தனை என்று யாரும் கேட்டதுமில்லை.
உத்தரத்தின் கீழே டொமினோ ஆடுகிறார்கள்.
போன ஆகஸ்டில் தரை குலுங்கியபோது
வண்டிகளை வெளியே எடுத்துவிட்டு
ஒருவர் திரும்ப உள்ளே போனாராம்,
தேநீர் ஆறிவிடுமே என்று.
ஊரே சொல்லிச் சிரித்தது.
ஒடெத் சிரிக்கவில்லை.
எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்
என்று கேட்டாள்.