இரண்டு விழுக்காடு வெளிச்சம்

லேசரை இரண்டு விழுக்காட்டில் வைத்திருக்கிறேன்.
அதற்கு மேல் போனால்
பார்ப்பதே கொல்லும்.

முதல் மாதம் எனக்கு அது தெரியாது.
துலக்கமாய்த் தெரியட்டும் என்று
வெளிச்சத்தை வாரி இறைத்தேன்.
தட்டு முழுக்க இருந்த இதயச் செல்கள்
இருபது நிமிடத்தில் கொப்புளித்துச் சுருங்கி
நின்றுபோயின.
ஒட்டுண்ணியின் மேல் பழியைப் போட்டு
அறிக்கைகூட எழுதிவிட்டேன்,
ஒட்டுண்ணியே விடாத பக்கத்துத் தட்டும்
அதேபோல் செத்துக் கிடப்பதை
ஜுசாரா வந்து காட்டும்வரை.

இப்போது இருட்டு பழகிவிட்டது.
மொன்டெஸ் கிளாரோஸில் இரவு மணி இரண்டு.
பேருந்து நிலையத்தில் பாலாடை ரொட்டி விற்பவள்
தட்டியை இறக்கிவிட்டாள்.
இங்கே, முப்பத்தேழு பாகைச் சூட்டில்,
கண்ணாடியின் மேல் துடிக்கிறது
டோர்வலினோவின் இதயம்.

இதயம் என்று சொல்லக் கூடாது, தெரியும்.
அவர் முழங்கை நரம்பில் எடுத்த இரத்தம்.
அதைப் பின்னோக்கி நடத்தி
இன்னும் எதுவும் ஆகாத செல்லாக்கி,
திரும்ப முன்னோக்கி நடத்தித்
தசையாக்கினாள் ஜுசாரா.
கடுகளவு. அவ்வளவுதான்.
ஆனாலும் ஒருநாள் காலை
யாரும் கேட்காமலே துடிக்கத் தொடங்கிவிட்டது.
நாங்கள் இருவரும் காபியை மறந்து நின்றோம்.

செல்லுக்குச் சிவப்பு,
ஷாகஸ் கிருமிக்குப் பச்சை.
வாலோடு நுழையும்,
உள்ளே போனதும் வாலை உதிர்த்துவிட்டு
உருண்டு படுத்துக்கொள்ளும்.
பிறகு இரண்டு, நான்கு, எட்டு.
குடிபுகுந்த செல்
முதலில் ஒரு துடிப்பைத் தவறவிடும்,
அடுத்த துடிப்பில் அவசரப்படும்,
பாட்டு மறந்தவன் உதட்டை மட்டும்
அசைப்பது மாதிரி.

விடுமுன் கிருமிகளுக்குக்
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சாயம் ஏற்றியிருந்தோம்.
பிரியப் பிரிய அது நீர்த்துப்போகும்.
பேரப்பிள்ளைகளிடம் சாயமே இருக்காது.
ஆறாம் நாள்
எல்லாம் வெளுத்திருக்க,
மூலையில் ஒரு செல்லுக்குள் ஒன்று மட்டும்
முதல் நாள் நிறத்தோடு.
பிரியவில்லை. சாகவும் இல்லை.
மருந்தை ஊற்றினேன்.
பச்சைகள் கரைந்தன.
அது அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை டோர்வலினோ வந்தார்.
பெட்டி போட்ட சட்டை, கையில் தொப்பி,
இடது காறையெலும்புக்குக் கீழே
பேஸ்மேக்கர் புடைத்த மேடு.
"இதில் நான் எது?"
சிவப்பைக் காட்டினேன்.
நெஞ்சில் கை வைத்து
இரண்டையும் எண்ணிப் பார்த்தார்.
"என்னுடையதைவிட இது நன்றாக ஓடுகிறதே!"

போர்ட்டெய்ரின்யாவில் மண்சுவர் வீடு என்றார்.
வெடிப்புகளில் குடியிருக்கும் பூச்சிக்கு
அங்கே சவரக்காரன் என்று பெயர்,
இரவில் முகத்தைத்தான் தேடி வருமாம்.
ஏழு வயதில் ஒரு கண் வீங்கி விடிந்ததை
பள்ளியில் எல்லோரும் சிரித்தார்களாம்.
அவரும்தான்.

கத்தரிப்பூப் புள்ளியில் விரலை வைத்தார்.
"இது செத்துவிட்டதா?"
"இல்லை. சும்மா இருக்கிறது."
"எதற்காக?"
தெரியாது என்றேன்.
அவர் தெரிந்ததுபோல் தலையாட்டினார்.
"முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டினேன், அம்மா.
விளக்கை அணைத்து ஓரங்கட்டிய வண்டியைப் பார்த்தால்
காலி என்று நினைக்கக் கூடாது.
உள்ளே ஆள் படுத்திருப்பான்."

கிளம்பும்போது கதவருகே நின்று,
வெளிச்சம் அதற்கு உறுத்தாதா என்று கேட்டார்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
மிகக் குறைவாகத்தான் வைத்திருக்கிறோம் என்றேன்.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை
கதிர்க்கதவு திறந்து மூடுகிறது,
இமைக்கும் நேரத்தில் பாதி.
மூன்று பத்துக்கு ஒரு படம்.
மங்கல், மணல் தூவியது போல்.
கண்ணைச் சுருக்கி,
துடிப்பது எது, என் கண்ணின் துடிப்பு எது என்று
பிரித்துப் பிரித்துப் பார்த்து
நோட்டில் எழுதுகிறேன்:
கத்தரிப்பூ, ஒன்று.