நிந்தவூர், பதினெட்டு மீற்றர்

புதன் காலை ஆறு பத்துக்கு
முர்ஷிதாவின் வளவில் இறக்கிய குழாய்க்குள்
பன்னிரண்டு கிலோ உப்பைக் கரைத்து ஊற்றினேன்.
மதிலுக்கு அப்பால், பதினெட்டு மீற்றரில்
ஜவ்பரின் கிணறு, மோட்டர் ஓடியபடி.
அவளுடைய குழி அவருடைய தண்ணீரைக் கெடுக்கிறதாம்.
ஏழு வருடமாய்ப் பேச்சில்லை.

மணிக்கொருதரம் மீட்டரைக் கிணற்றில் விட்டேன்.
அறுநூற்றுப் பத்து.
அறுநூற்றுப் பத்து.
"பாத்தீங்களா" என்றாள் மதிலுக்கு மேலால்.
"பொறு" என்றார் அவர்,
எனக்கா அவளுக்கா, தெரியாது.

வெள்ளி இரவு இரண்டரைக்கு எண் அசைந்தது.
நான்தான் விழித்திருந்தேன், ஒரு தவளையும்.
மளமளவென்று ஏறி, ஞாயிறு உச்சி தொட்டு,
பிறகு மனமில்லாமல் இறங்கிற்று.
ஒரே வாளியில் போன உப்புத்தான்:
கொஞ்சம் குறுக்கால் ஓடி வந்தது,
கொஞ்சம் மணல்மணியாய்ச் சுற்றிச் சுற்றி வந்தது,
கொஞ்சம் மட்டி ஓட்டுப் படைக்கு அடியில்
களிமண் மூலையொன்றில் முடங்கிக்கொண்டது.

வரைபைக் கையில் கொடுத்தேன்.
ஜவ்பருக்குச் சிரிப்பு வந்தது. மதில் வரை நடந்தார்.
"உங்கட குழி எங்க?" என்று கேட்டேன்,
படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
காட்டினார். அளவு நாடாவைப் பிடித்தேன்.
கிணற்றிலிருந்து ஏழு மீற்றர்.
தாளை நாலாய் மடித்துச் சாரத்தில் செருகிக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் அறுநூற்றுப் பதினான்கு.
ஏழரைக் கிலோ கணக்குக்கு வந்துவிட்டது.
"மிச்சம்?" என்றாள் முர்ஷிதா.
"வழியில."
அவர் மோட்டரை நிறுத்தினார்.
கிணறு கொஞ்ச நேரம் சும்மா கிடந்து
எல்லாப் பக்கமிருந்தும் ஊறத் தொடங்கியது.