முப்பத்தேழாம் பக்கம்

முதலில் எல்லாவற்றையும் எழுதினேன்.
கட்டம் ஒன்று: மழை. பரானா ஆற்றின் படகுத்துறை.
கட்டம் இரண்டு: படகோட்டி அர்ரேகி கதவைத் திறக்கிறான்.
இடக்கையில் சாவிக்கொத்து. மூன்று சாவி. ஒன்றில் துரு.
முகத்தில் துயரம், வெட்கம்,
கூடவே கொஞ்சம் நிம்மதி.

ரொசாரியோவின் மறுகோடியிலிருந்து
எல்விரா போன் செய்தாள்:
"அவனுக்கு இருப்பது ஒரே மூஞ்சி.
மூன்றையும் எங்கே வைப்பது?"
பின்னால் மாத்தே உறிஞ்சும் சத்தம்,
காலிக் குடுவையின் கரகரப்பு.
"துருவை வரைந்துவிட்டேன்.
பூதக்கண்ணாடி தனியாக அனுப்புகிறேன்."

கோபத்தில் அடுத்த அத்தியாயத்துக்கு
இரண்டே வாக்கியம் அனுப்பினேன்:
வீட்டுக்கு வருகிறான். அவள் இல்லை.
மீதி உன் பாடு.

பன்னிரண்டு நாள் சத்தமில்லை.
பிறகு வந்தன ஐந்து பக்கங்கள்.
அர்ரேகி அழவில்லை, கடிதம் தேடவில்லை.
பாத்திரம் கழுவுகிறான்.
இரண்டு தட்டு. இரண்டாவது சுத்தமாகத்தான் இருக்கிறது;
அதையும் கழுவுகிறான்.
கட்டத்தின் மேல்மூலையில்
என் வசனத்துக்கென்று வெள்ளைக் குமிழி ஒன்று,
வாடகைக்குக் காத்திருக்கும் அறை போல.

நான்கு வாக்கியங்களைக் குடிவைத்துப் பார்த்தேன்.
ஒவ்வொன்றும் தட்டை உடைத்தது.

ஒரு ஞாயிறு அவள் மேசையிலேயே உட்கார்ந்து
ரொட்டிக்கடைத் தாளின் பின்புறம்
நானே கிறுக்கினேன். தீக்குச்சி மனிதன்,
தலைக்குப் பதில் ஒரு பட்டாணி.
சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி,
"இந்த முதுகு," என்றாள்.
"இந்தக் குனிவை நீ எழுதவே இல்லையே."
எழுதத் தெரியாது எனக்கு.
பேனா நழுவியதில் வந்தது அது.
அவள் அதை எடுத்துச் சதை வைத்தாள்,
ஈரச் சட்டை மாட்டினாள்.
சட்டைக்குள் அந்த நழுவல் அப்படியே இருக்கிறது.

குமிழியை அவள் தொடவில்லை.
"நீயே அழி" என்று ரப்பரை நகர்த்தினாள்.
அந்தப் பக்கத்தில் அவ்வளவுதான்
என் கைவேலை.

இப்போது புவனோஸ் ஐரஸிலிருந்து
பதிப்பகக் கணக்காளரின் மின்னஞ்சல்:
முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை,
கதாசிரியருக்கு எதற்குக் கூலி?

நியாயமான கேள்விதான்.
பில்லைத் திருத்தி அனுப்பினேன்:
வாக்கியம் நான்கு, அகற்றியதற்கு.

பணம் வரவில்லை இன்னும்.
எட்டாம் அத்தியாயத்தை
எந்த வழியில் தொடங்குவது என்றும் தெரியவில்லை.
மறுமுனையில் எல்விரா பென்சில் சீவுகிறாள்,
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு.
சீவல் விழுவது கேட்கிறது.