மூன்று வருஷத்தில் ஒரு சாண்

கஞ்சமலைக் கல்லை
வைரப் பல் ரம்பத்துக்குக் கொடுத்து
தண்ணீர் விட்டு அறுத்துக்கொண்டிருந்தபோது
செண்டாயிலிருந்து ஃபிலோமி பேசினாள்.
"அண்ணே, இப்பத்தான் நின்னுச்சு.
அலமாரிக் கதவு மட்டும்
இன்னும் ஆடிக்கிட்டு இருக்கு."

ரம்பத்தை நிறுத்தினேன்.

பெரிசில்லையாம்.
முதியோர் இல்லத்தின் நான்காம் மாடியில்
கட்டில் கட்டிலாக ஓடிப் பிடித்திருக்கிறாள்.
தொண்ணூறு வயதுக்காரர் ஒருவர்
குறட்டையை நிறுத்தவே இல்லையாம்.
கூட வேலை செய்யும் நேபாளப் பெண் சபித்ரா
'எங்க ஊர்ல இதைவிட' என்று ஆரம்பித்து
முடிக்கவில்லையாம்.

அவள் ஊர் மலையை முட்டிக்கொண்டிருப்பது
நம்ம நிலம்தான் ஃபிலோமி.
ஐந்து ரோடு, பஸ் ஸ்டாண்டு,
வெள்ளைக்கல் சுரங்கம், ஏற்காட்டின் இருபது வளைவு
எல்லாம் ஏறி உட்கார்ந்த ஒரே பலகை
வடக்கே போய் இடிக்கிறது.
நமக்குத் தெரிவதில்லை.
தள்ளுகிறவனுக்கு என்ன தெரியும்.

சொல்லவில்லை. "சாப்பிட்டியா" என்றேன்.

அவள் போய் மூன்று வருஷம்.
இதற்குள் பசிபிக்கின் தரை
அவள் கால் வைத்திருக்கும் நாட்டின் அடியில்
ஒரு சாண் நுழைந்திருக்கும்.
நேராக நுழையாது.
சிக்கும். பொறுக்கும். இன்னும் பொறுக்கும்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
அலமாரியைத் திறக்கும்.

ஆபீஸில் ஜியாலஜிஸ்ட் மேடம் ஒருநாள்
வரைபடத்தின்மேல் டீ கிளாஸை வைத்தபடி சொன்னார்:
இங்கேயும் ஒரு கடல் இருந்திருக்கலாம்,
சேலத்துக்குத் தெற்கே, காவேரிப் பக்கமாக.
இரண்டு நிலங்கள் நெருங்கி நெருங்கி
அதை இல்லாமல் ஆக்கியிருக்கலாம்.
ஐம்பது கோடி வருஷத்துக்கும் முன்னால்.
எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்.
கிளாஸை எடுத்தபோது
நாமக்கல்மேல் ஓர் ஈர வட்டம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
என் வேலை அறுப்பது,
அரால்டைட் தடவிக் கண்ணாடியில் ஒட்டுவது,
கல் வெளிச்சம் விடும்வரை
கார்போரண்டம் பொடியில் தேய்ப்பது.
மில்லிமீட்டரில் நூற்றுக்கு மூன்று பங்கு.
நாலு தேய்ப்பு கூடினால் கல் இருக்காது,
கண்ணாடிதான் இருக்கும்.

சாயங்காலம் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.
குறுக்கு வெளிச்சத்தில்
பைராக்சீன் திருப்பத் திருப்ப நிறம் மாற்றியது,
துணிக்கடைப் பையன் புடவை விரிப்பதுபோல.
கார்னெட் மட்டும்
எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டு.
எவ்வளவு ஆழம், எவ்வளவு பாரம்,
மேடம் கணக்குப் போட்டு வாங்கிவிடுவார்.
என்னிடம் அது வாய் திறக்காது.

இரவு மறுபடி ஃபிலோமி.
அலமாரிக்குக் கயிறு கட்டிவிட்டாளாம்.
"அங்க ஒண்ணும் ஆடலையே?"
"இங்க அது எப்பவோ முடிஞ்சு போச்சு" என்றேன்.
"எது?"
மழை, சிக்னல் இல்லை, என்னவோ சொன்னேன்.

விளக்கணைக்கும் முன்
மேசைமேல் கையை விரித்து வைத்தேன்,
கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை.

இவ்வளவுதான்.
இவ்வளவு.