பெட்டிக்குள் என்ன

எண்ணூர் விரைவுச் சாலையில்
எனக்கு முன்னால் நூற்றுப்பத்து டிரெய்லர்.
முன்னிரவே என்ஜினை அணைத்தாயிற்று.
டாஷ்போர்டில் கொசுவத்தி,
பக்கத்தில் ஆறிப்போன டீ.
ஒன்பது மணிக்குக் கொருக்குப்பேட்டையிலிருந்து
போன் வந்தது.

"இன்னிக்கு உன் பொட்டிக்குள்ள இன்னாப்பா?"

மெருகேற்றிய கருங்கல், இருபத்தாறு டன்.
சீட்டில் அப்படித்தான் இருக்கிறது.
அதைச் சொன்னால் பெனிட்டா தூங்கமாட்டாள்.

திங்கட்கிழமை யானை என்றேன்.
"எத்தினி?"
"நாலு."
"மூச்சு முட்டாதா?"
முட்டும்தான்.
ஆளுக்கொரு பக்கமாய் ஓட்டை போட்டோம்.
ஒரு தும்பிக்கை வெளியே நீண்டு
டிராபிக் போலீஸ் தொப்பியைத் தூக்கிக்கொண்டது.
அதைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கவே இல்லை அவள்.

செவ்வாய், மழை.
சிங்கப்பூருக்கு அனுப்ப
மடித்து அடுக்கிய மழை.
"அவங்களுக்கு எதுக்கு? நம்ம தெருவுல எறக்கிடு."
தண்ணீர் லாரி வராத நாலாவது நாள் அது.
இறக்கினோம்,
அமலியின் பச்சைக் குடம் முதலில்.

புதன்கிழமை என்ன சொன்னேனோ
எனக்கு மறந்துவிட்டது.
அவளைக் கேட்டால் தெரியும்.

இன்று ஒன்றும் வரவில்லை.
முப்பது மணி நேரமாய்க் கண் மூடவில்லை,
ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு
"காலி" என்றேன்.
"காலிப் பொட்டிம்மா இன்னிக்கு."

அந்தப் பக்கம் கூட்ஸ் வண்டி போகிறது.
அது போய் முடியும்வரை
இரண்டு பேரும் பேசுவதில்லை, எங்கள் வழக்கம்.
ஐம்பது வேகன் இருக்கும்.
அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"காலியா? ஷோக்கா போச்சு.
அப்ப நான் உள்ள வந்துக்கறேன்."

தலகாணியோடு வந்தாள்.
தம்பியைக் கூட்டி வந்தாள், அவன்
பாதி வழியில் ஒண்ணுக்குப் போகணும் என்றான்.
உள்ளே இருட்டு.
சாக்பீஸால் சுவரில் ஒரு ஜன்னல் போட்டாள்,
திறந்தால் கடல்.
மீன் ஒன்று எட்டிப் பார்த்து
காசிமேட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டது.
"சொல்லலப்பா நானு.
வேற பக்கம் கை காட்டிட்டேன்.
பாவம்ல?"

பாவம்தான் என்றேனா,
நினைத்தேனா, தெரியாது.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தான்.
வரிசை நகர்ந்திருக்கிறது.
மடியில் போன், நாற்பத்தேழு நிமிடம்,
இன்னும் ஓடுகிறது.
உள்ளே சின்னதாய் மூச்சுச் சத்தம்.

கியர் போட்டேன்.
பள்ளம் வந்த இடத்தில்
நடக்கிற வேகத்துக்கும் கீழே
ஒவ்வொரு சக்கரமாய் இறக்கி ஏற்றினேன்.
பின்னால் வந்தவன் என் அம்மாவை இழுத்துத் திட்டினான்.
திட்டட்டும்.

விடிகாலை நாலரைக்கு கேட்.
"இன்னாய்யா லோடு?"
சீட்டை நீட்டினேன்.
அதில் இருந்ததை மட்டும்
அவர் எழுதிக்கொண்டார்.