மூன்று கல் உயரம்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் என்பார்கள்.
எங்கள் வீட்டுக்கு அமீனாதான் முதலில் வந்தார்,
என் கணவர் யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்துக்காக.
பீரோ, கிரைண்டர், தையல் மிஷின்
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்.
அப்புறம் ஆமைக்கு என்ன பயம்?

மைத்துனர் கோதண்டபாணி ஆற்காட்டிலிருந்து
ஆப்பிள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்.
ஆப்பிரிக்க ஆமை.
ரசீதையும் காகிதங்களையும்
இரண்டு தடவை வாங்கிப் பார்த்தேன்.
நம் கரட்டுக் காட்டு நட்சத்திர ஆமையாக இருந்தால்
தொரப்பாடி ஜெயிலுக்குப் போகவேண்டும்.
நான் தினமும் போகிறவள்தான்,
பெண்கள் சிறையில் வார்டர்,
ஆனால் சாயங்காலம் திரும்பி வந்துவிடுவேன்.

பூசணி என்று பெயர் வைத்தான் பையன்.
முருங்கை மரத்தடியில் வெயில் காய்வாள்.
வேலூர் வெயில் அவளுக்குச் சொந்த ஊர் மாதிரி.
அகத்திக்கீரை தின்பாள், செம்பருத்தி தின்பாள்,
கொடியிலிருந்து விழுந்த என் காக்கிச் சேலையின்
முந்தானையைக்கூட ஒருநாள் தின்று பார்த்தாள்.

"ஒண்டியா கீதே, பாவம்"
என்றாள் எதிர்வீட்டு மரகதவல்லி.
பால்காரர் சொன்னார். கேஸ் போடவந்தவர் சொன்னார்.
யாரும் பூசணியைக் கேட்கவில்லை.
நானும்தான்.

தாசில்தார் பொங்கல் கழித்து வந்தான்.
வால் நீளம், வயிறு கரண்டி மாதிரி உட்குழிவு,
தாடைக்குக் கீழே ஏர்க்கொழு போல ஒரு கொம்பு.
இரண்டு ஓட்டுக்கும் மஞ்சள் தடவிப் படம் எடுத்தார்கள்.

பிறகு அந்தச் சத்தம்.
டொக்.
விடியற்காலை ஐந்தேமுக்கால்.
யாரோ தேங்காய் உடைக்கிறார்கள் என்று நினைத்தேன்.
டொக். டொக்.
மூன்றடி பின்னால் போகிறான், வருகிறான், முட்டுகிறான்.
அவள் உள்ளே போகிறாள்.
அவளிடம் இருக்கிற ஒரே பதில் அது.
மூலையில் மண்ணைத் தோண்டினாள்,
காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம்
எங்கேயோ போவதற்கு.
பத்து நாள் கீரை வாடிக் கிடந்தது.
பின்னங்காலில் கடித்த புண்.
"புதுசுல அப்படித்தான் இருக்கும்,
போகப்போக சரியாயிடும்"
என்றாள் மரகதவல்லி.

போகப்போக.
அந்த வார்த்தையை நான் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறேன்,
மூன்றாம் பிளாக்கில், பூட்டு மாட்டிய பிறகு,
கம்பிக்குப் பின்னாலிருந்து
பலபேர் வாயில்.

கால்நடை டாக்டர் புண்ணுக்கு மருந்து வைத்தார்.
"ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஒரே பட்டியில் ஆகாதும்மா.
நடுவுல சுவர் வையுங்க.
கம்பிவலை வேண்டாம்,
பார்த்துக்கிட்டே முட்டும்.
பார்வையே படக்கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலோபிளாக் வாங்கி
நானே அடுக்கினேன்.
ஜோடியைப் பிரித்த பாவம் என்றது தெரு.
கணவர் கிணற்றடிக்குப் போய்
வெகுநேரம் முகம் கழுவினார்.

தாசில்தார் இரண்டு நாள் சுவரை முட்டினான்.
மூன்றாம் நாள் சுவரோரமாக நடந்தான்.
நான்காம் நாள் வெள்ளரிப் பிஞ்சு தின்றான்,
எதையும் இழந்தவன் மாதிரித் தெரியவில்லை.
பூசணிதான் நேரம் எடுத்துக்கொண்டாள்.
ஒன்பதாம் நாள் மத்தியானம்
மூக்கு, பிறகு கண், பிறகு கழுத்து முழுவதும்.
கோடைமழை பெய்த அன்று
நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தூங்கினாள்.
அப்படித் தூங்கக்கூடிய பிராணி என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

நைட் டியூட்டியில் அஞ்சலாட்சி கேட்டாள்.
ஆயுள் கைதி. வந்த முதல் மாதம்
இருபது மணிநேரம் தூங்கியவள்;
நோய் என்று நினைத்து ரிப்போர்ட் எழுதினேன்.
"மேடம், உங்க வூட்டு ஆமை துன்னுச்சா?"
"துன்னுச்சு. இருநூறு கிராம் ஏறிகீது."
"சுவரு எவ்ளோ ஒசரம்?"
"மூணு கல்லு."
"அவ்ளோதானா?"

தரையிலிருந்து கையைத் தூக்கி
முழங்காலுக்குச் சற்று மேலே நிறுத்தினாள்.
கொஞ்சநேரம் அந்த உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் அடுத்த செல்லுக்கு
எண்ணிக்கை எடுக்கப் போனேன்.