நாற்பத்தொரு லோட்

கடைசி வாங்கில் இருந்தேன்.
டிப்பர் வெளியே, ஆலய மதிலோரம்.
விடியப்புறம் ஏற்றிய மண்
தட்டிடுக்கால் சொட்டிக்கொண்டிருந்தது.
ஆராதனை முடியப் பறிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

கலாநிதி ஏனோக்கு பூபாலப்பிள்ளை
கண்ணாடியை அங்கி நுனியில் துடைத்துவிட்டு
வழமைபோல ஒரு எபிரேயச் சொல்லில் தொடங்கினார்.
நஹல் என்றால் ஆறு.
நஹலா என்றால் முதுசம்.
"நடுவில இருக்கிறது ஒரு மூச்சுத்தான்."
முன்வரிசையில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
மூச்சு என்றதும் எனக்கு
தில்லைநாதன்ட மகன்தான் நினைவு,
முழங்கால் தண்ணி என்று இறங்கினான்.
நாங்கள் தோண்டின குழி அது.

போன கிழமை ஒரு மனு வந்தது.
நாலு பேர், போதகர் வீட்டு விறாந்தையில்.
"அவனுகள்தான் ஆத்தத் திங்கிறானுகள் ஐயா,
நீங்க ஒரு ஒப்பம் வச்சாக் கச்சேரியில எடுபடும்."
பட்டியலில் பதினொரு பெயர்.
பதினொன்றும் ஒரே பள்ளிவாசலுக்குப் போகிற பெயர்.
தேத்தண்ணி கொடுத்தார், ஒப்பம் கொடுக்கவில்லை.
படித்துப் பார்க்கவேண்டும் என்றாராம்.
படித்த மனுசன், அப்படித்தான் சொல்வார் என்று
அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

அவர் படித்தது ஆற்றை.
முந்தனையாற்றங்கரையில், சாய்ந்த மருதமரத்தின்
வேருக்குப் பின்னால் மூன்று இரவு
டோர்ச்சை அணைத்துவிட்டு
கொப்பியில் இலக்கத்தகடு எழுதினார்.
எனக்குத் தெரியும்.
என் முன்விளக்கு ஒருமுறை
அவர் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது.
நான் பிரேக் பிடிக்கவில்லை.

அந்தக் கொப்பியைத்தான் இப்போது பீடத்தில் விரித்தார்.
"பேர் வாசிக்க மாட்டன், பயப்படாதேங்க.
லொறி ஏறாவூர் முதலாளி ஒருவருடையது.
பெர்மிட் சித்தாண்டிப் போடியார் வீட்டுச் சட்டைப்பையில.
ஓட்டுகிறவர் இங்கே திருவிருந்து வாங்குகிறவர்.
மண் இறங்குகிறது பொலன்னறுவை முதலாளியின் முற்றத்தில.
பதினாலு வருசம் சமாதானக் குழுவில இருந்து
பிஸ்கட் சாப்பிட்டேன்.
இப்படியொரு ஒற்றுமையை அங்கே காணவில்லை.
அள்ளும்போது சகோதரர்.
வட்டைக்குள்ள உப்பு ஏறினதும்தான்
யார் எந்தச் சமயம் என்று நமக்கு ஞாபகம் வருகுது."

யாரோ இருமினார்கள். மின்விசிறி சுற்றியது.
சிரிக்கலாமா என்று ஒரு பொடிச்சி தாயைப் பார்த்தாள்.

பிறகு அவர் படியிறங்கி வந்தார்.
புது மண்டபத்தின் தரையில்
குதிகாலால் இரண்டு தட்டு.
"இதுக்கு நாற்பத்தொரு லோட்.
கணக்கில என்ட கையெழுத்து.
எங்கே அள்ளினது என்று நான் கேட்கல்ல.
விலை குறைவு என்று
ஸ்தோத்திரம் சொல்லி ஜெபம் பண்ணினேன்."

அதற்குமேல் பிரசங்கம் இல்லை.
பாட்டு இலக்கம் சொல்ல மறந்தார்.
ஓர்கன்காரர் தானாக ஒன்றைத் தொடங்க
பாதிப்பேர் பாடினோம்.

வாசலில் அந்த நாலுபேரும்
அவருக்குக் கை கொடுக்கவில்லை.
சபைச் செயலாளர் குடையை விரித்துப் பார்த்தார்,
மழை இல்லை.

போதகர் நேரே டிப்பரடிக்கு வந்தார்.
புத்திமதி வரும் என்று
தலையைக் குனிந்து நின்றேன்.
"கிணறு எப்படி?" என்றார்.
"சவர் ஐயா. போன ஆவணியில இருந்து."
"எங்கடதும்."

சில்லடியில் மண்தண்ணி
ஒரு கோடாகி வடிகானைத் தேடிப் போனது.
இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஐயா, நாற்பத்தொன்றில்ல.
நாற்பத்து மூன்று.
ரெண்டை நான் ரசீதில்லாமப் பறிச்சன்.
மகளுக்கு டெங்கு மாறினதுக்கு,
காணிக்கையா."

அவர் கொப்பியைத் திறந்தார். பேனை எழுதவில்லை.
என் காதில் இருந்த பென்சிலை வாங்கி
ஒன்றை வெட்டி மூன்று போட்டார்.
பென்சிலைத் திருப்பித் தந்தார்.

நான் ஏறி இருந்து திறப்பைத் திருகினேன்.
பின்னால் மூன்று கியூப் ஈர ஆறு.
எங்கே பறிப்பது?